அடுத்த பிள்ளைக்கு இடைவெளி: எந்த இயற்கை முறை எந்த வீட்டுக்கு?

ஞாயிற்றுப் பூசை முடிந்து, கத்தோலிக்கக் கோயில் பின்கட்டில் காப்பி ஊற்றும் நேரத்தில்தான் இந்தக் கேள்வி வரும். யாரும் கூட்டத்தில் கேட்பதில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகப் பக்கத்தில் வந்து, "மிஸ்ஸி, ஒரு விசயம்" என்று ஆரம்பிப்பார்கள். மலேசியாவில், அரசாங்கக் கிளினிக்கில் முப்பது வருடத்துக்கு மேல் மிஸ்ஸியாக, அதாவது நர்ஸாக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பாகான் செராய் பக்கம் இன்னும் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. கல்யாணத் தயாரிப்பு வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதும் என் தலையில்தான்.

போன மாதம் வந்த ஜோடியைச் சொல்கிறேன். அவருக்கு செம்பனை ஆலையில் வேலை. அவளுக்கு கமுந்திங்கில் பேக்டரி, வாரா வாரம் மாறும் ஷிப்ட். மூத்தவனுக்கு மூன்று வயது, கைக்குழந்தைக்கு ஐந்து மாதம். இப்போதைக்கு இன்னொன்று வேண்டாம் என்பதில் இருவருக்கும் சந்தேகமில்லை. மாமியார் "ஆபரேசன் பண்ணிட்டா வேலை முடிஞ்சுது" என்கிறார். அவளுடைய அம்மாவோ "கோயில்ல ஒத்துக்க மாட்டாங்க" என்கிறார்.

"காலண்டர் பாத்துக்கிட்டா போதும்ல மிஸ்ஸி?" என்று கேட்டாள்.

போதாது. அவள் இப்போது இருக்கும் நிலைமையில் காலண்டர்தான் எல்லாவற்றிலும் மோசமான வழி. ஏன் என்று நின்றபடியே சொல்லி முடிக்க முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

## முதலில், கோயில் என்னதான் சொல்கிறது

திருத்தந்தை ஆறாம் பவுல் 'ஹூமானே வீத்தே' (மனித உயிர்) என்ற சுற்றுமடலில் 1968 ஜூலை 25 அன்று கையெழுத்திட்டார். மறுநாள் புனித அன்னம்மாள் திருநாள். பிள்ளை வரம் கேட்டு நம் சனம் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் அன்னம்மாள் கோயிலுக்குப் பஸ் பிடிக்கும் அதே நாட்கள். பிள்ளை வேண்டும் என்று மெழுகுவர்த்தி ஏற்றுவதும், கொஞ்ச நாளைக்கு வேண்டாம் என்று நாள் எண்ணுவதும் ஒரே வீட்டில் நடக்கிற காரியங்கள்தான்.

சுற்றுமடல் சொல்வது இது: கணவன் மனைவி சேரும் ஒவ்வொரு முறையும் உயிருக்கு வழி அடைக்கப்படக் கூடாது. அதனால் மாத்திரை, ஊசி, ஆணுறை, கருத்தடை ஆபரேசன் எதையும் கருத்தடை நோக்கத்தோடு ஏற்க முடியாது. ஆனால் தக்க காரணம் இருந்தால், கரு தங்காத நாட்களை மட்டும் பயன்படுத்திக்கொள்ளலாம். உடல்நிலை, மனநிலை, வீட்டுப் பொருளாதாரம், சூழ்நிலை எல்லாமே காரணமாக இருக்கலாம் என்று அந்த மடலே ஒப்புக்கொள்கிறது. எத்தனை முடியுமோ அத்தனை பெற வேண்டும் என்று எங்கேயும் இல்லை. 2015 ஜனவரியில் மணிலாவிலிருந்து திரும்பும் விமானத்தில் திருத்தந்தை பிரான்சிஸ், நல்ல கத்தோலிக்கராக இருக்க முயல் மாதிரி பெற வேண்டியதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

வேறொரு நோய்க்கு மருந்தாக மாத்திரை எடுப்பது தடையில்லை. மாதா மாதம் ரத்தம் கொட்டி மயங்கி விழுகிற பெண்ணுக்கு டாக்டர் ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தால் அது சிகிச்சை. இதைச் சொன்னதும் முகம் தெளிந்த பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வகுப்பில் வருடா வருடம் திருத்த வேண்டிய தப்பு ஒன்று உண்டு. கடைசி நேரத்தில் ஆண் விலகிக்கொள்வதை "இயற்கை முறை" என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். மருந்தில்லை, உறை இல்லை என்பதற்காகக் கோயில் அதை ஏற்பதில்லை. அதோடு, பழக்கத்தில் நூறு ஜோடிகளில் இருபது பேருக்கு ஒரு வருடத்துக்குள் கரு தங்கிவிடும். பரலோகத்துக்கும் உதவாது, வீட்டுக்கும் உதவாது.

## எதை வைத்து எடை போடுவது

முறையின் பெயரைக் கேட்பதற்கு முன்னால் நான் வேறு சில விசயங்களைக் கேட்பேன்.

இப்போது கரு தங்கினால் எவ்வளவு ஆபத்து என்பதுதான் முதல் கேள்வி. கர்ப்ப காலத்தில் கிளினிக்கில் கொடுத்த அந்த ரோஸ் கலர் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். அதில் ஒட்டிய நிறம் வெள்ளையா, பச்சையா, மஞ்சளா, சிவப்பா? "இன்னும் ரெண்டு வருசம் கழிச்சா நல்லா இருக்கும்" என்கிற வீடும், "மறுபடியும் கர்ப்பமானால் உயிருக்கு ஆபத்து" என்று டாக்டர் சொன்ன வீடும் ஒரே அட்டவணையைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது.

அடுத்தது, மாதவிலக்கு எத்தனை நாளுக்கு ஒரு தடவை வருகிறது, பிரசவத்துக்குப் பிறகு திரும்ப வந்துவிட்டதா என்பது. அப்புறம், எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறீர்கள்? சிரிப்பார்கள். ஆனால் ஒரு முறை முழுக்க அந்தப் பதிலில்தான் நிற்கிறது.

கடைசிக் கேள்வியைப் பெண்ணிடம் தனியாகக் கேட்பேன். "வேண்டாம்னு நீ சொன்னா அவர் கேப்பாரா?" சம்பள நாள் இரவில் குடித்துவிட்டு வருகிறவர், காலண்டரில் என்ன குறித்திருக்கிறது என்று பார்ப்பதில்லை. அந்தப் பதில் "கேக்க மாட்டார்" என்றால், கீழே எழுதியிருக்கும் எந்த முறையும் அவளைக் காப்பாற்றாது. அப்போது பேச வேண்டியது பெண்ணுறுப்புக் கசிவைப் பற்றியோ உடம்பு வெப்பநிலையைப் பற்றியோ இல்லை. அந்த வீட்டைப் பற்றி.

எல்லா முறைக்கும் அடிப்படை ஒன்றுதான். ஆணின் விந்து பெண்ணின் உடம்பில் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டை ஒரு நாளுக்கு மேல் தாங்காது. ஆக மாதத்தில் கரு தங்கக்கூடிய நாட்கள் ஏறக்குறைய ஆறுதான். அந்த ஆறு எவை என்று கண்டுபிடிப்பதில்தான் முறைக்கு முறை வித்தியாசம். எவ்வளவுக்கு எவ்வளவு சரியாகத் தெரியவில்லையோ, அவ்வளவுக்கு அவ்வளவு அதிக நாள் விலகி இருக்க வேண்டி வரும்.

நூறு பெண்கள் ஒரு வருடம் ஒரு முறையைக் கடைப்பிடித்தால் எத்தனை பேர் கர்ப்பமாவார்கள் என்ற வழக்கமான கணக்கு இது (ஒவ்வொரு இயற்கை முறையும் என்ன என்று கீழே சொல்கிறேன்):

| முறை | விதி தவறாமல் | நடைமுறையில் | எது கெடுக்கும் |
|---|---|---|---|
| பாசிமணி | 5 | 12 | 26 நாளுக்குக் குறைந்த, 32 நாளுக்கு மேற்பட்ட சுழற்சி |
| பில்லிங்ஸ் | 3 | 23 | வெள்ளைப்படும் நோய், பாதியில் நிறுத்திய பாடம் |
| கசிவும் வெப்பநிலையும் | 0.4 | 2 | ஷிப்ட், காய்ச்சல், உடைந்த தூக்கம் |
| தாய்ப்பால் (6 மாதம் மட்டும்) | 1க்கும் குறைவு | 2 | புட்டிப்பால், நீண்ட இடைவெளி |
| ஆணுறை | 2 | 13 | மறதி, தவறான பயன்பாடு |
| மாத்திரை | 0.3 | 7 | மறதி |

ஒவ்வொரு வரியிலும் முதல் எண்ணுக்கும் இரண்டாவது எண்ணுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தைப் பாருங்கள். பில்லிங்ஸில் அது மூன்றிலிருந்து இருபத்து மூன்றுக்குத் தாவுகிறது. முறை தோற்றதும் அதில் உண்டு, "இன்னிக்கு ஒரு நாள் பரவாயில்ல" என்று ஆள் தோற்றதும் உண்டு. எனக்குத் தெரிந்து பெரும்பாலும் இரண்டாவதுதான்.

## பழைய காலண்டர் கணக்கு

ஜப்பானில் ஒகினோ என்ற டாக்டரும் ஆஸ்திரியாவில் க்னாவுஸ் என்ற டாக்டரும் 1920களில் தனித்தனியே கண்டுபிடித்ததிலிருந்து வந்தது. ஆறு மாதத்துக்குக் குறையாமல் மாதவிலக்குத் தேதி குறிக்க வேண்டும். மிகக் குறுகிய சுழற்சியில் 18 கழித்தால் ஆபத்து தொடங்கும் நாள், மிக நீண்டதில் 11 கழித்தால் முடியும் நாள். 26 நாளும் 31 நாளுமாக மாறி வருகிறவளுக்கு 8ஆம் நாளிலிருந்து 20ஆம் நாள் வரை விலகல்.

செலவே இல்லை. மளிகைக் கடையில் சும்மா கொடுக்கும் குதிரைக் காலண்டர் போதும். ஆனால் இது போன மாதத்தை வைத்து இந்த மாதத்தை ஊகிக்கிறது. கவலை, காய்ச்சல், ஷிப்ட் மாற்றம் எதுவானாலும் முட்டை தள்ளிப் போகும், காலண்டருக்கு அது தெரியாது. போனில் தேதி போட்டால் பச்சை சிவப்பு காட்டுகிற ஆப்களில் பல இதே கணக்கைத்தான் அழகாகக் காட்டுகின்றன. இன்றைக்கு இதை நான் யாருக்கும் தனியாகச் சிபாரிசு செய்வதில்லை.

## பாசிமணி முறை

அதே காலண்டர் யோசனையை ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் சோதித்துச் சுருக்கியது. நம்ம பினாங்கு ஜார்ஜ்டவுன் இல்லை, அமெரிக்காவில் இருப்பது. விதி ஒரே வரி: 8ஆம் நாளிலிருந்து 19ஆம் நாள் வரை சேரக் கூடாது. இதற்கென்று 32 மணி கோத்த ஒரு மாலை உண்டு. சிவப்பு ஒன்று, பழுப்பு ஆறு, வெள்ளை பன்னிரண்டு, மறுபடி பழுப்பு பதின்மூன்று. மாதவிலக்கு வந்த அன்று ரப்பர் வளையத்தைச் சிவப்பில் மாட்டி, தினம் ஒரு மணி நகர்த்த வேண்டும். வெள்ளையில் வளையம் நிற்கும் நாளெல்லாம் விலகல். வகுப்பில் படத்தைக் காட்டினால் ஒருவராவது "செபமாலையா மிஸ்ஸி?" என்று கேட்காமல் இருந்ததில்லை. மாலை கிடைக்கவில்லை என்றால் குதிரைக் காலண்டரில் பன்னிரண்டு நாளைக் கோடு போட்டாலும் அதே காரியம்தான்.

படிக்க அரை மணி நேரம் போதும். கணவருக்கும் புரியும், அது பெரிய விசயம். மறைமுக விலை என்னவென்றால், தொடர்ந்து பன்னிரண்டு நாள். இரவு ஷிப்ட் மாறி மாறி வரும் வீட்டில் மீதி நாட்களில் இருவரும் ஒரே கூரைக்குக் கீழ் தூங்குவதே நாலைந்து நாளாக இருக்கலாம்.

26 முதல் 32 நாளுக்குள் ஒழுங்காக வருகிறவளுக்கு மட்டுமே இது. பிரசவமாகி நாலு மாதவிலக்காவது வந்து, கடைசிச் சுழற்சி இந்த எல்லைக்குள் இருந்தால்தான் தொடங்கலாம். வருடத்தில் இரண்டு தடவை எல்லை தாண்டினால் விட்டுவிடுங்கள்.

## பில்லிங்ஸ் முறை

மெல்போர்னில் ஜான் பில்லிங்ஸ் என்ற டாக்டர் 1953இல் தொடங்கி, மனைவி எவெலினும் டாக்டர் என்பதால் இருவருமாக வளர்த்த முறை. தேதியைப் பார்ப்பதில்லை, பெண் தன் உடம்பைப் பார்க்கிறாள். மாதவிலக்கு முடிந்து சில நாள் வறட்சி. பிறகு ஒட்டுகிற மாதிரி கசிவு. நாள் போகப் போக அது தெளிந்து, வழுவழுத்து, நூலாக இழுபடும். அந்த வழுவழுப்பு தெரியும் கடைசி நாள்தான் உச்ச நாள். உச்சத்துக்குப் பிறகு மூன்று நாள் விலகி, நாலாம் நாளிலிருந்து பயமில்லை.

புத்தகங்களில் "முட்டையின் வெள்ளைக்கரு போல" என்று எழுதியிருக்கும். எனக்கு இதைச் சரியாகப் புரியவைத்தது பால்மரம் (ரப்பர் மரம்) வெட்டும் ஒரு அக்கா. "மங்குல பால் கெட்டியாகிறப்போ ரெண்டு விரலால தொட்டு விரிச்சா நூல் வரும்ல, அது ஒட்டுற நாளு. பச்சைப்பால்ல விரலை விட்டா வழுக்கும்ல, அது உச்சம்" என்றார். அதற்குப் பிறகு வெள்ளைக்கருவை நான் தொடவில்லை.

வறண்ட நாட்களிலும் ஒரு விதி உண்டு: ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் இரவில் மட்டும். காரணம் எளிது. சேர்ந்த மறுநாள் ஆணின் விந்து ஈரமாகக் கசியும், அது எது, இது எது என்று பெண்ணால் பிரித்துப் பார்க்க முடியாது. ஆண்கள் எரிச்சல்படுவதும் மீறுவதும் அதிகம் இந்த விதியைத்தான்.

சுழற்சி ஒழுங்காக வர வேண்டிய அவசியமில்லை, நாற்பதைத் தாண்டித் தேதி குழம்புகிற வயதிலும் உதவும், பால் கொடுக்கும் தாய்க்கும் உதவும். இந்த முறையின் பெரிய பலம் அது. விலை என்ன? கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும், இரண்டு மூன்று மாதம் விடாமல் குறித்துக்காட்ட வேண்டும். அரிப்பும் வாடையுமாக வெள்ளைப்படுகிறது என்றால் அது கசிவுக் கணக்கே இல்லை, முதலில் கிளினிக்கில் காட்டி மருந்து எடுங்கள். வெட்கப்பட்டு மறைத்து, அந்த மாதக் குறிப்பை நம்பி, பிறகு அழுதவர்களும் உண்டு.

## கசிவும் வெப்பநிலையும் சேர்ந்த முறை

அட்டவணையில் இதன் எண்தான் கண்ணைப் பறிக்கும். முட்டை வெளிவந்த பிறகு உடம்புச் சூடு ஏறக்குறைய 0.2 டிகிரி ஏறி அப்படியே நிற்கும். முந்தைய ஆறு நாளைவிட மூன்று நாள் தொடர்ந்து அதிகம் என்றால், கசிவின் உச்சமும் தாண்டியிருந்தால், அதற்குப் பிறகு கவலையில்லை. இரண்டு சாட்சிகளும் ஒத்துப்போக வேண்டும் என்பதுதான் இதன் பலம்.

ஆனால் காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு இறங்கும் முன், ஏறக்குறைய ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். அதுவும் சில மணி நேரமாவது சேர்ந்தாற்போல் தூங்கியிருக்க வேண்டும். எங்கம்மா பால்மரம் வெட்டிய காலத்தில் வருடம் முழுக்க நாலு மணிக்கு எழுந்தார், இருட்டில் பிரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்றார். தெர்மாமீட்டருக்கு அதைவிடப் பொருத்தமான வாழ்க்கை இல்லை. யாரும் அவருக்குத் தெர்மாமீட்டர் கொடுக்கவில்லை, அது வேறு. இன்றைய மகள் ஒரு வாரம் காலை ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட். அவள் எழுதும் எண்கள் மேலும் கீழும் குதிக்கும். இரவில் மூன்று தடவை எழுப்பும் கைக்குழந்தை இருந்தாலும் அதே கதி.

அதனால் நேரம் மாறாத வேலைக்காரிகளுக்கும், டீச்சர்களுக்கும், வீட்டில் இருப்பவர்களுக்கும் இதுதான் முதல் இடம். இரண்டு தசமம் காட்டும் தெர்மாமீட்டர் வாங்க வேண்டும். ஒரு தடவைச் செலவுதான்.

முட்டை வரும் நாளைக் கண்டறிய, சிறுநீரில் நனைத்துப் பார்க்கும் குச்சிகளும் உண்டு. நம்பகமானவைதான், ஆனால் மாதா மாதம் வாங்க வேண்டும். பால் மாவுக்கே கணக்குப் பார்க்கிற வீட்டில் மூன்றாம் மாதம் நின்றுவிடும்.

## தாய்ப்பால்

மூன்று நிபந்தனை: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, பகலும் இரவும் தாய்ப்பால் மட்டுமே. பகலில் நாலு மணி நேரத்துக்கும் இரவில் ஆறு மணி நேரத்துக்கும் மேல் இடைவெளி கூடாது. மூன்றில் ஒன்று உடைந்தாலும் அன்றே வேறு முறைக்கு மாற வேண்டும்.

அந்தக் காலத்தில் தோட்டத்து ஆயாக்கொட்டகையில் ஏணை கட்டி வரிசையாகப் பிள்ளைகள் தூங்கும், வேலை நடுவில் தாய் ஓடி வந்து பால் கொடுப்பார். இன்று 2023 ஜனவரி 1 முதல் பிரசவ விடுப்பு 98 நாள். அறுபதிலிருந்து ஏறியது நல்லதுதான். ஆனால் 98 நாள் என்பது மூன்று மாதமும் ஒரு வாரமும். இந்த முறை கேட்பது ஆறு மாதம். வேலைக்குத் திரும்பி, பிள்ளை பார்ப்பவர் கையில் புட்டியைக் கொடுத்த அன்றே பாதுகாப்பு முடிந்தது. பெண்கள் பலரும் நம்புவதோ "இன்னும் மாதவிலக்கு வரல, பயமில்ல" என்று. முதல் மாதவிலக்குக்கு முன்னாலேயே முட்டை வந்துவிடலாம். ஒரு வயது இடைவெளியில் பிறந்த பிள்ளைகளில் பாதியாவது இந்த நம்பிக்கையில் பிறந்தவைதான் என்று எனக்குத் தோன்றும்.

## கோயில் ஏற்காத வழிகளைப் பற்றி

மிஸ்ஸியாக இருந்தவள் இதை மறைக்க முடியாது. ரோஸ் புத்தகத்தில் சிவப்பு ஒட்டியவருக்கு, நடைமுறையில் இருபத்து மூன்று என்கிற எண் ரொம்பப் பெரிய எண். டாக்டர் உங்களிடம் ஆபரேசன், லூப் (கருப்பையில் வைக்கும் கருத்தடைக் கருவி) என்று பேசினால், அவர் கெட்டவர் இல்லை, தன் வேலையைச் செய்கிறார். காது கொடுத்துக் கேளுங்கள், ஆபத்து எவ்வளவு என்று தெளிவாகக் கேளுங்கள், பிறகு ஃபாதரிடமும் அதே தகவலோடு போங்கள். இருவரிடமும் பாதி பாதியாகச் சொன்னால் இருவரும் தப்பான யோசனை சொல்வார்கள். கோயில் வழியிலேயே நிற்க முடிவெடுத்தால், கசிவும் வெப்பநிலையும் சேர்ந்த முறையில், சூடு ஏறி உறுதியான பிறகு வரும் நாட்கள் மட்டும். கடினம், ஆனால் முடியும்.

ஏற்கெனவே ஆபரேசன் செய்துகொண்டு, அதனால் கோயில் பக்கமே வராமல் இருக்கும் பெண்கள் நம் ஊரில் உண்டு. பாவசங்கீர்த்தனக் கதவு அவர்களுக்குச் சாத்தவில்லை. இதை யாராவது அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னால் தேவலை.

## அந்த ஜோடி

அவளை இப்போது இந்தக் கேள்விகளில் வைத்துப் பார்த்தேன். பகலில் புட்டிப்பால், ஆகவே தாய்ப்பால் முறை உடைந்துவிட்டது. மாதவிலக்கு திரும்பவில்லை, ஆகவே காலண்டரும் பாசிமணியும் தொடங்க இடமே இல்லை. ஷிப்டும் கைக்குழந்தையும் இருக்கும்வரை தெர்மாமீட்டர் வீண். ரோஸ் புத்தகத்தில் பச்சை. மிஞ்சியது பில்லிங்ஸ். முதல் இரண்டு வாரம் சேராமல் பார்த்துக் குறிக்க வேண்டும், பிறகு வாரத்துக்கு ஒரு தடவை என்னிடம் காட்ட வேண்டும் என்றேன். பகல் ஷிப்ட் நிரந்தரமாகக் கிடைத்தால் தெர்மாமீட்டரையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஒரு நிபந்தனை போட்டேன்: பார்ப்பது அவள், குறிப்பது அவர். தினமும் இரவு அவர்தான் கேட்டு எழுத வேண்டும். அப்போதுதான் இன்று என்ன நாள் என்பது இருவருக்கும் தெரியும், வேண்டாம் என்று சொல்லும் பாரம் அவள் ஒருத்தி மேல் விழாது. அவர் தலையைச் சொறிந்தார், சரி என்றார்.

போன ஞாயிறு குறிப்பைக் கொண்டுவந்தார்கள். அடுப்படியில் மாட்டியிருந்த குதிரைக் காலண்டரையே கழற்றிச் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டார். வறண்ட நாளுக்கு ஒரு கோடு, கசிவுக்கு வட்டம், எல்லாம் அவர் கையெழுத்து. இரண்டு நாள் விட்டுப்போயிருந்தது, அவருக்கு ராத்திரி ஷிப்டாம். மாமியார் என்னடா கிறுக்கல் என்று கேட்டாராம்.

"ஓவர்டைம் கணக்கும்மா" என்று சொல்லியிருக்கிறார்.